மூக்கு பழகும் வரை

முதல்வார மேடம் எங்கே என்று கேட்டால், கீழே நகல் எடுக்கும் கடைக்காரர் தலையைத் தூக்காமலே மாடிப்படியைக் காட்டுவார். படிப்பை முடித்துவிட்டு அடுத்து என்ன என்று திருதிருவென்று முழிக்கும் பிள்ளைகள் நாள் தவறாமல் அந்தப் படியில் ஏறுவார்கள். மேலே ஓர் அறை, ஒரு மேசை, எதிரே இரண்டு நாற்காலி. ஒன்று பிள்ளைக்கு, இன்னொன்று கூட வரும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ. அந்த இரண்டாவது நாற்காலிக்காரரை வெளியே அனுப்புவதுதான் மேடம் செய்யும் முதல் காரியம். வேலைக்குப் போகப்போவது நீங்களா, உங்கள் பிள்ளையா என்று சிரித்துக்கொண்டே கேட்பாள். அந்தச் சிரிப்புக்குப் பயந்தே எழுந்து போய்விடுவார்கள்.

பட்டப்பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. மற்ற ஆலோசகர்கள் வானத்தை வில்லாக வளைத்துக் காட்டுவார்கள். சம்பளம் இவ்வளவு, பதவி இவ்வளவு என்று அளப்பார்கள். இவளோ முதல் வாரம் எப்படி இருக்கும் என்பதைச் சொல்வாள். தையல் ஆலைக்குப் போகிறாயா, கழுத்து இரும்பாகிவிடும், திரும்பிப் பார்க்க உடம்பையே திருப்ப வேண்டும். அடுமனையா, முன்கை மயிர் பொசுங்கும், வியர்வை உப்பில் கண் எரியும். தொலைபேசியில் வாடிக்கையாளரிடம் பேசும் வேலையா, தூக்கத்திலும் யாரோ உன்னைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். இதெல்லாம் தெரிந்து போனால் ஓடிவர மாட்டாய், தெரியாமல் போனால் மூன்றாம் நாள் அம்மா மடியில் வந்து விழுவாய் என்பாள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற பழமொழியை ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடமாவது சொல்லாமல் அவளுக்குப் பொழுது போகாது.

இவ்வளவும் அவளுக்கு எப்படித் தெரியும்? வேலைக்குப் போன பிள்ளைகள் கொஞ்ச நாள் கழித்து வந்து எட்டிப் பார்ப்பார்கள். டீ வாங்கிக் கொடுத்து, கதை கதையாய்ப் பிடுங்குவாள். அப்படிப் பிடுங்கியதை அடுத்து வரும் பிள்ளைக்குச் சொல்வாள். நல்ல முறைதான், குறை சொல்ல முடியாது. ஒன்று மட்டும்: அவள் சொன்ன எந்த வேலைத்தளத்தின் உள்ளேயும் அவள் கால் வைத்ததில்லை. வரவேற்பு அறையில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த பிஸ்கட்டைத் தின்று, மேற்பார்வையாளர் பேசியதைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள், அவ்வளவே. ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்.

நகரத்துக்கு வெளியே சாயப்பட்டறைகளின் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையம் ஒன்று இருந்தது. அங்கே ஆள் எடுப்பார்கள், எடுத்துக்கொண்டே இருப்பார்கள். அதுவே ஒருவரை யோசிக்க வைத்திருக்க வேண்டும். மேடம் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள்: நாத்தம் தாங்காமல் பிள்ளைகள் ஓடிவிடுகிறார்கள், பாவம். போய்வந்தவர்களும் அதையே சொன்னார்கள். முதலில் அழுகின முட்டை மாதிரி நாறும் மேடம், வாந்தி வரும், அப்புறம் ஒரு நாள் நாத்தமே தெரியாது, பழகிடும். ஆகவே அந்த நிலையத்துக்கான முதல் வாரப் பாடம் அவள் வாயில் இப்படி உருவானது: நாத்தம் போகும் வரை பல்லைக் கடித்துக்கொள், நாத்தம் போன அன்று நீ வேலைக்காரன்.

பல பேரை அப்படி அனுப்பினாள். பிறகு தன் அக்கா மகளையும் அனுப்பினாள்.

அக்கா மகளுக்கு வீட்டில் மூக்கி என்று பெயர். பக்கத்து வீட்டில் பால் பொங்கினால் இங்கிருந்தே சொல்வாள். யார் குளிக்கவில்லை, யார் வெளியே சாப்பிட்டுவிட்டு வந்து வயிறு சரியில்லை என்று நடிக்கிறார்கள் என்பதெல்லாம் அவள் மூக்குக்குத் தப்பாது. அவளுடைய அப்பா ஒளிந்து ஒளிந்து புகைத்த பழக்கத்தையே விட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வேதியியல் படித்திருந்தாள். படித்து முடித்து வீட்டில் உட்கார்ந்து நாளாகிவிட்டது. எந்த வேலையைச் சொன்னாலும் ஒரு குறை கண்டுபிடித்தாள். ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் வழி காட்டுறே, உன் அக்கா பெத்தது மட்டும் உன் கண்ணுக்குத் தெரியலையா என்று அக்கா குத்தினாள். குத்து உரிய இடத்தில் பட்டது.

நிலையத்தில் மாதிரி எடுக்கும் வேலை காலியாக இருந்தது. தொட்டிகளின் அடியில் தேங்கும் கசடு வெளியேறும் குழாய்கள் இருக்கும் கீழறைக்கு இறங்கி, குப்பியில் கொஞ்சம் பிடித்துவந்து மேலே சோதித்துப் பார்க்க வேண்டும். படித்த படிப்புக்குப் பொருத்தம், வீட்டிலிருந்து போய்வரலாம். மூக்கி வாசல் வரை போய்விட்டு வந்து, முடியவே முடியாது என்றாள். நாத்தம் குடலைப் புரட்டுகிறது என்றாள்.

மேடம் அவளை அக்காவின் முன்னால் வைத்துப் பேசவில்லை. தன் அறைக்கு வரச்சொல்லி, முதல் நாற்காலியில் உட்கார வைத்து, மற்ற பிள்ளைகளிடம் பேசுவதைப் போலவே பேசினாள்.

"பிடிக்கலைன்னா பரவால்லடி, வேற பாக்கலாம். ஆனா நாத்தத்துக்குப் பயந்து ஓடாத. அது கொஞ்ச நாள்தான். நாத்தம் தெரியற வரைக்கும் நீ புதுசு. ஒரு நாள் கீழ இறங்குவ, ஒண்ணுமே தெரியாது. அன்னிக்கு எனக்குச் சொல்லு, நான் ஸ்வீட் வாங்கித் தர்றேன்."

"நாத்தம் எங்க சித்தி போகும்?"

"எங்கயும் போகாது. உன் மூக்கு பழகிடும்."

மூக்கி சரி என்றாள். சித்தி பொய் சொல்ல மாட்டாள் என்று அந்தப் பெண்ணுக்கு நிச்சயம். பொய் சொல்லவும் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

முதல் நாள்களில் மூக்கி வீட்டுக்கு வந்ததும் நேரே குளியலறைக்குப் போய்விடுவாள். சாப்பாடு இறங்கவில்லை. தலைவலி என்று விளக்கை அணைத்துவிட்டுப் படுப்பாள். அக்கா போன் செய்து அழுதாள். எல்லாருக்கும் இப்படித்தான் அக்கா, நான் சொல்லித்தான அனுப்பினேன் என்று மேடம் சமாதானம் சொன்னாள். மூக்கியின் விரலில் இருந்த வெள்ளி மோதிரம் கறுத்துப்போய்விட்டதாகவும் அக்கா சொன்னாள், பழைய சட்டியின் அடி மாதிரி ஆகிவிட்டதாம். பல்பொடி போட்டுத் தேய்க்கச் சொல்லு, வெளுத்துவிடும் என்றாள் மேடம். அக்கா தேய்த்தாள், வெளுத்தது. மறுநாள் மாலை மோதிரம் மறுபடி கறுத்து வந்தது. வெள்ளியே கறுக்கிற இடத்தில் பிள்ளையின் நெஞ்சுக்குள் என்ன ஆகும் என்று இருவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

கீழறையில் ஒரு சின்னப் பெட்டி சுவரில் மாட்டியிருந்ததாகவும் மூக்கி பேச்சுவாக்கில் சொன்னாள். காற்று கெட்டுப்போனால் அது கத்துமாம். ஓயாமல் கத்தித் தொல்லை கொடுத்ததால் கழற்றிப் பழுதுபார்க்க அனுப்பிவிட்டார்களாம். மேடத்துக்குச் சிரிப்பு வந்தது. எல்லா ஆபீசிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கும், எல்லாவற்றிலும் அது பழுதாகவே இருக்கும் என்றாள்.

அன்று காலை அறையில் கூட்டம். ஒரு பையனிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே மூக்கியின் குரல் பதிவு ஒன்று வந்து விழுந்தது. வேலை நேரத்தில் மேடம் போனைத் தொட மாட்டாள், ஆனால் மூக்கி என்று பார்த்ததும் எடுத்துக் காதில் வைத்தாள்.

"சித்தி, நீங்க சொன்னது நடந்திடுச்சு. இறங்கும்போது நாறிச்சு, கொஞ்ச நேரத்துல படக்குனு ஒண்ணுமே இல்ல. வீட்டு ரூம்ல நிக்கிற மாதிரி இருக்கு. இன்னிக்குப் புதுசா ஒருத்தி சேந்திருக்கா, மூக்கைப் பொத்திக்கிட்டு அழறா. பயப்படாத, நாத்தம் போற வரைக்கும் கீழயே இருன்னு சொல்லி வச்சிருக்கேன். குப்பி எடுக்க மேல வந்தேன், திரும்பப் போறேன். ஸ்வீட்டை மறந்துடாதீங்க."

மேடத்துக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. வீட்டில் ஈரத்துணி வாடைக்கே மூக்கைச் சுளிக்கும் பெண், இன்று இன்னொருத்திக்குத் தைரியம் சொல்கிறாள். எதிரே இருந்த பையனிடம், பார்த்தியா, இதுதான் முதல் வாரம், தாண்டிட்டா ராஜா என்று அந்தக் கதையையே சொன்னாள். அவனும் பயபக்தியோடு கேட்டுக்கொண்டு போனான்.

அடுத்து உள்ளே வந்தவன் நெட்டை. நிலையத்துக்கு அவள் அனுப்பிய பழைய பிள்ளைகளில் ஒருவன், கதவில் தலை இடிக்காமல் குனிந்து வந்தான். போனதிலிருந்து எட்டிப் பார்க்காதவன். நன்றாக இருக்கிறான் போலும், அதனால்தான் வரவில்லை என்று அவனைப் பற்றி எண்ணியிருந்தாள். ஆள் பாதியாய் இளைத்திருந்தான். உட்காரச் சொன்னாள். டீ வேண்டாம் என்றான். வேறு வேலை ஏதாவது வேண்டும், சன்னல் இருக்கிற இடமாகப் பாருங்கள் மேடம், சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்றான்.

நாத்தம்தானே, இவ்வளவு நாள் தாங்கிவிட்டு இப்போது ஏன் என்று மேடம் கேட்டாள். என் அக்கா மகளே அங்கேதான் இருக்கிறாள், அவளுக்கு இன்றைக்குத்தான் நாத்தம் போயிற்று என்று பெருமையாகச் சொன்னாள்.

நெட்டை நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு கேட்டான்.

"எப்ப மேடம் போச்சு? மேல இருக்கும்போதா, கீழ இருக்கும்போதா?"

"கீழ. ஏன்?"

"கொஞ்சம் கொஞ்சமாவா, படக்குன்னா?"

மூக்கியும் அதே சொல்லைத்தான் சொல்லியிருந்தாள். படக்கென்றுதான் என்றாள்.

அவனோடு வேலை செய்த ஒருவனைப் பற்றி நெட்டை சொன்னான். இருவரும் கீழறைக்கு இறங்கியிருக்கிறார்கள். நெட்டை உயரம், பாதி ஏணியில் நின்று குப்பியை வாங்கிக்கொள்வான், மற்றவன் அடியில் நின்று பிடிப்பான். இன்னிக்கு நாத்தமே இல்லடா, ஜம்முன்னு இருக்கு என்று அடியிலிருந்து அவன் சொன்னானாம். அதுதான் அவன் பேசின கடைசிப் பேச்சு. ஆளை மேலே தூக்கிவந்த பிறகு, வெளியிலிருந்து வந்த வைத்தியர்தான் விளக்கியிருக்கிறார். கசடிலிருந்து கிளம்பும் விஷக்காற்று கொஞ்சமாக இருந்தால் நாறும், அதிகமானால் முதலில் மூக்கைத்தான் கொல்லும். நாத்தம் நின்றால் காற்று நல்லதாகிவிட்டது என்று அர்த்தமில்லை. வெளியே சொல்லக் கூடாது என்று நிலையத்தில் மிரட்டி வைத்திருந்தார்களாம். சொல்லிக்கொண்டிருக்கும்போதே நெட்டைக்குக் கண் கலங்கிவிட்டது.

"நாத்தம் போனா பழகிட்டோம்னு நீங்க சொன்னீங்களே மேடம். அவனும் அதைத்தான் நினைச்சிருப்பான்."

மேடம் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. மூக்கிக்குப் போன் செய்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. கீழே போகும்போது போனை மேலே வைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்பது அங்கே சட்டம். பெட்டியைக் கழற்றலாம், போனை மட்டும் கொண்டுபோகக் கூடாது. நிலையத்து எண்ணுக்கு அடித்தாள். யாரோ எடுத்து, எந்தப் பெண், எந்தப் பிரிவு, கொஞ்சம் இருங்கள் என்று வைத்துவிட்டுப் போனவர் போனவர்தான். நெட்டை அதற்குள் படியிறங்கி வண்டியைக் கிளப்பியிருந்தான். மேடம் பின்னால் ஏறி உட்கார்ந்து அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். வாசலில் காத்திருந்த பிள்ளைகள், எங்கே மேடம் என்று கேட்கக் கேட்க வண்டி தெருமுனையைத் தாண்டிவிட்டது.

வழியெல்லாம் அவள் மனம் கணக்குப் போட்டபடியே வந்தது. திரும்பப் போறேன் என்று சொன்னாளே, போயிருப்பாளா, யாராவது பேச்சுக் கொடுத்து நிறுத்தியிருப்பார்களா, வயிற்றைப் புரட்டி வெளியே ஓடிவந்திருப்பாளா. அந்தப் பெண்ணுக்கு வாந்தி வரட்டும் என்று வேண்டிக்கொண்ட சித்தி உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

வாசலுக்கு வெகு முன்பே நாத்தம் வந்து முகத்தில் அறைந்தது. அழுகின முட்டை என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள், இன்றுதான் அவள் மூக்கு அதைக் கண்டது. சேலைத் தலைப்பை எடுத்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். காவலாளி தடுத்தார். நெட்டை அவரோடு மல்லுக்கு நிற்க, இவள் நுழைந்து ஓடினாள். பெரிய பெரிய தொட்டிகள், கறுப்பாய்க் கொதித்துக்கொண்டிருக்கும் தண்ணீர், இரும்பு நடைபாதை. மேற்பார்வையாளர் எதிரே வந்தார், வரவேற்பு அறையில் அவளுக்கு பிஸ்கட் கொடுத்தவர். கீழறை எங்கே என்று அவர் தோளைப் பிடித்து உலுக்கிக் கேட்டாள். காரணத்தைச் சொன்னதும் அவர் முகம் செத்துவிட்டது. முகமூடி இருக்கும் அறைப் பக்கம் கத்திக்கொண்டே ஓடினார். எவ்வளவு நாளாக எல்லாம் தெரிந்திருந்தால் ஒரு மனிதன் அப்படி ஓடுவான் என்று அவள் பிறகுதான் யோசித்தாள்.

கடைசித் தொட்டியின் பக்கத்தில், தரையில் சதுரமாக ஒரு திறப்பு. அதன் விளிம்பில் மூக்கி மண்டியிட்டிருந்தாள். உயிரோடு. காலி குப்பிகள் பக்கத்தில் உருண்டு கிடந்தன. மேடம் தவழாத குறையாகப் போய் அவள் தோளைத் தொட்டாள். மூக்கி திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தில் சித்தியைக் கண்ட ஆறுதல் இல்லை.

"கூப்பிட்டா பேச மாட்டேங்கிறா சித்தி. இருந்த குப்பிக்கெல்லாம் ஒட்டறதுக்குச் சீட்டு எழுதிட்டு வர்றதுக்குள்ள... இப்பத்தான் நாத்தம் போயிடுச்சுன்னு சொல்லிச் சிரிச்சா."

மேடம் எட்டிப் பார்த்தாள். கீழே மஞ்சள் விளக்கு எரிந்தது. ஏணியின் அடியில் ஒரு ரப்பர் பூட்ஸின் அடிப்பாகம் தெரிந்தது, புத்தம் புதிது, மண் கூட ஒட்டவில்லை. மூச்சு வாங்கியதால் மூக்கைச் சுற்றியிருந்த தலைப்பை இழுத்துவிட்டாள். ஆழமாக ஒரு மூச்சு இழுத்தாள். அப்பாடா என்று இருந்தது. வாசலில் இருந்து அவளைத் துரத்திக்கொண்டு வந்த அந்த நாத்தம் இங்கே இல்லை. துளிக்கூட இல்லை.

அந்த நிம்மதி இன்னதென்று புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் மூக்கியின் பக்கம் பாய்ந்தாள். மூக்கியின் இடுப்பைச் சுற்றி வளைத்துப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். அவளோ ஏணிக்கு ஒரு காலைப் போட்டிருந்தாள்.

"விடுங்க சித்தி, தூக்கிடலாம், சின்னப் பொண்ணுதான், எடையே இருக்காது."

விடவில்லை. இருவரும் சிமென்ட் தரையில் விழுந்தார்கள். மூக்கி திமிறினாள், கையைக் கடித்தாள், அம்மாவையும் சித்தியையும் சேர்த்து வாயில் வந்தபடி திட்டினாள். மேடம் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தபடியே இருந்தாள். தலை சுற்றியது, நெஞ்சு அடைத்தது. திறப்பிலிருந்து கொஞ்ச தூரம் வந்தபோது, எங்கிருந்தோ மறுபடி அந்த அழுகின முட்டை நாத்தம் லேசாக வந்தது. அந்த நாத்தம் மூக்கில் ஏறியதும் அவள் அழுதுவிட்டாள். இங்கே உட்காரலாம், இங்கே மூச்சு விடலாம்.

கீழே இருக்கிறவள் யார் என்று அவளுக்குத் தெரியாது. தன் அறையில், அந்த முதல் நாற்காலியில் ஒருநாளும் உட்காராத பெண். யார் வீட்டுப் பிள்ளையோ. இன்று காலை வேலைக்கு வந்தவள். அந்தப் பெண்ணை மீட்க ஓர் அடி எடுத்து வைக்காமல், தன் பிள்ளையை மட்டும் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தான் இறங்கினால் மூக்கியும் இறங்குவாள், போகும் உயிர் மூன்றாகும் என்று அறிவுக்குத் தெரிந்தது. தெரிந்தும் மானம் போயிற்று.

மேற்பார்வையாளரும் இன்னும் இருவரும் முகமூடியும் கயிறுமாக ஓடிவந்தார்கள். ஒரு முகமூடியின் வார் அறுந்திருந்தது, அதை முடிச்சுப் போட்டுக்கொண்டே ஒருவன் இறங்கினான். பிறகு கொஞ்ச நேரம் கயிறு மட்டும் அசைந்தது. மூக்கி திமிறுவதை நிறுத்தியிருந்தாள்.

"மேல வர்றேன்னு ஏணியப் பிடிச்சா சித்தி. தலை சுத்துதுன்னா. நான்தான் இன்னும் கொஞ்ச நேரம் இரு, சரியாயிடும்னு சொன்னேன்."

மேடம் அவள் தலையைத் தன் தோளோடு அழுத்திக்கொண்டாள்.

"நீ சொல்லலடி. அது நான் சொன்னது. நான் சொன்னதைத்தான் நீ சொன்ன."

மூக்கி தலையைத் தூக்கவில்லை. சித்தியின் தோளுக்குள்ளிருந்தே பேசினாள்.

"அது அவளுக்குத் தெரியாதே சித்தி."